ஒரு வரிசைச் செங்கல்

போன வாரம் என் அண்ணன் மகன் வீட்டுக்கு ஒருத்தன் அளக்க வந்தான். சமையலறையில் இருக்கிற பழைய சிமெண்டு மேடையை இடித்துவிட்டுக் கறுப்புக் கல் போடப்போகிறார்களாம். வேலூரில் இப்போது எல்லார் வீட்டிலும் இதே பேச்சுதான். வந்தவன் கால்சட்டைப் பையிலிருந்து ஒரு சின்ன டப்பியை எடுத்தான். அதன் வாயிலிருந்து இரும்பு நாடாவை இழுத்துச் சுவரோரம் வைத்தான், பார்த்தான், விட்டான். சர்ரென்று அது டப்பிக்குள் ஓடிப்போயிற்று. நான் திடுக்கிட்டு மோர் டம்ளரைக் கவிழ்த்துவிட்டேன்.

"பயந்துட்டியா ஆயா?" என்று சிரித்தான்.

பயமெல்லாம் இல்லை, எரிச்சல்தான். நான் அரை நாள் பட்ட பாட்டை அவன் வெற்றிலை போடுகிற நேரத்தில் முடித்துவிட்டான்.

பிறகு, கல் என்ன நிறத்தில் வரும் என்று காட்டுவதற்காக ஒரு துண்டுக் கடப்பைக் கல்லை எடுத்து, அதன்மேல் தண்ணீர் தெளித்து என்னிடம் நீட்டினான். ஈரக் கடப்பைக் கல்லுக்கு ஒரு வாசனை உண்டு. பள்ளிக்கூடத்தில் சிலேட்டை எச்சில் தொட்டு அழிப்போமே, கிட்டத்தட்ட அதே வாசனை. மூக்கில் ஏறியதும் எனக்குச் சிலேட்டு ஞாபகம் வரவில்லை. ஆம்பூரும் அந்த வீடும் அந்தப் பொம்பளையும்தான் வந்தார்கள். நாற்பது வருஷமாக யாரிடமும் சொல்லாததை உங்களிடம் சொல்கிறேன். நல்லவிதமாகச் சொல்லத் தெரியாது. மிஷன் பள்ளிக்கூடத்தில் நாலாவது வரைக்கும்தான் படித்தேன், அதிலும் கடைசி வருஷம் பாதி நாள் போகவில்லை.

நான் சமையல் மேடை அளக்கிற வேலை பார்த்தவள். "பொம்பளையா அளந்தே?" என்று இந்தக் காலத்துப் பிள்ளைகள் கேட்கிறார்கள். பொம்பளைதான் அளக்க முடியும் அப்போது. என் அண்ணன் ஆம்பூரில் ரயில் நிலையத்துக்குப் பின்னால் கல் பட்டறை வைத்திருந்தான். கடப்பை பக்கத்திலிருந்து கூட்ஸ் வண்டியில் கல் வந்து இறங்கும். பாதி வீட்டுத் தரைக்குப் போகும், பாதி கல்லறைக்குப் போகும். நின்றுகொண்டு சமைப்பது என்பதெல்லாம் அப்போது எங்கள் பக்கம் கிடையாது. ராஜாவாக இருந்தாலும் அவன் வீட்டு அடுப்பு தரையில்தான் இருக்கும். பட்டணத்துக்குத் தோல் விற்கப்போன சாய்புமார்கள் அங்கே வெள்ளைக்காரன் பங்களாவில் சமையல்காரன் நின்றபடி வேலை செய்வதைப் பார்த்துவிட்டு வந்தார்கள். அதிலிருந்து ஒருத்தர் வீட்டைப் பார்த்து இன்னொருத்தர் என்று ஆசை பிடித்தது. அடுப்பு வைக்கக் கல் மேடை, பின்னால் சுவரில் எண்ணெய் தெறிக்காமல் இருக்க நட்டுக்க நிறுத்தின ஒரு பலகைக்கல். கல்லுக்குப் பஞ்சம் இல்லை. ஆனால் கோஷா வீட்டில் கொத்தன் எப்படி உள்ளே போவான்? சமையலறை பொம்பளைகள் புழங்குகிற இடம். நடுவாசலில் திரை தொங்கும். திரைக்கு அந்தப் பக்கம் போக வீட்டு ஆம்பளைகளைத் தவிர வேறு ஆம்பளைக்கு வழி இல்லை.

அண்ணன் யோசித்தான். வீட்டில் ஒருத்தி சும்மா உட்கார்ந்து சோறு தின்றுகொண்டிருந்தாள். நான்தான் அது.

என் புருஷன் ரங்கூனுக்கு மர வேலைக்குப் போனான், கல்யாணமாகிப் பத்தாம் மாதம். போனவன் போனவன்தான். கொஞ்ச நாள் திமிரியில் மாமியார் வீட்டில் இருந்தேன். வேர்க்கடலைக் காட்டில் பகலெல்லாம் வேலை வாங்கிவிட்டு, "என் மவனை முழுங்கின வாயி" என்று சொல்லித்தான் கஞ்சி ஊற்றுவாள். ஒரு நாள் கஞ்சியோடு அகப்பையும் வந்தது. இதோ நெற்றியில் இருக்கிறதே, இந்தத் தழும்பு. அப்படியே நடந்து ஆற்காடு வந்து, அங்கிருந்து யார் யார் வண்டியிலோ ஏறி அண்ணன் வீட்டுக்கு வந்து சேர்ந்தேன். அண்ணி வா என்றும் சொல்லவில்லை, போ என்றும் சொல்லவில்லை. உலையில் போடுகிற அரிசியைக் கூட்டவும் இல்லை. அப்படி இருந்தவளுக்கு அளக்கிற வேலை கிடைத்ததும் எனக்குத் தலைகால் புரியவில்லை. கயிறும் கையுமாகத் தெருவில் நடக்கும்போது ஜில்லா கலெக்டர் நடப்பதாக நினைப்பு. இப்போது நினைத்தால் சிரிப்பு வருகிறது. அளவு கலெக்டர்!

அளப்பது இப்படி. என்னிடம் ஒரு சணல் கயிறு உண்டு. தரையிலிருந்து மேடை வரவேண்டிய உயரத்துக்கு ஒரு முடிச்சு. மேடையின் நீளத்துக்கு இரட்டை முடிச்சு. பின்னால் நிறுத்துகிற கல்லின் உயரத்துக்கு மூன்று முடிச்சு. நான் அடிக்கோலில் அளந்து வாயால் சொன்னால் அண்ணன் நம்பமாட்டான். "உன் வாய்க்கணக்கு எனக்கு வேணாம், கயித்தைக் கொண்டா" என்பான். உயரம்தான் முக்கியம். அந்த வீட்டில் யார் சமைப்பாளோ அவளை நேராக நிற்கச் சொல்லி, முழங்கையை மடக்கச் சொல்லி, அதற்குக் கீழே நாலு விரல் விட்டுக் கயிற்றைப் பிடிக்க வேண்டும். இதை யாரும் எனக்குச் சொல்லித்தரவில்லை. முதல் வீட்டில் கண்டபடி அளந்து, அந்தம்மா மாவு பிசைய முக்காலி போட்டு ஏற வேண்டியதாகிவிட்டது. அப்புறம் நானே யோசித்துக் கண்டுபிடித்தேன்.

வாணியம்பாடியில் ஒரு வீட்டில் முடிச்சை மாற்றிச் சொல்லிவிட்டேன். பின்கல் ஜன்னலைப் பாதி மறைத்துக்கொண்டு நின்றது. அண்ணன் வீட்டுக்கு வந்து, சாப்பிட்டு, கை கழுவிவிட்டு நிதானமாகச் சொன்னான். "இன்னொரு தரம் தப்பாச்சுன்னா திமிரிக்குப் போற வழியைப் பார்த்துக்க." அண்ணி அடுப்படியிலிருந்து எட்டிப் பார்த்தாள். அந்தப் பார்வை இருக்கிறதே, அதுதான் என்னை ரொம்ப நாள் தூங்கவிடவில்லை.

அதற்கு அடுத்த வேலைதான் நான் சொல்லவந்த வீடு.

ஆம்பூரில் ஒரு தோல் மண்டிச் சாய்பு வீடு. பேர் வேண்டாம். வீட்டுக்குப் பின்னாலேயே பதனிடுகிற தொட்டிகள். தெருமுனையில் திரும்பும்போதே ஆவாரம்பட்டை ஊறுகிற வாசனையும் சுண்ணாம்புத் தொட்டி நாற்றமும் சேர்ந்து வந்து முகத்தில் அறையும். வெளியூர்க்காரர்கள் மூக்கைப் பிடித்துக்கொள்வார்கள். எங்களுக்கு அது சோற்று வாசனை. அது வராத நாளில் தெருவில் பாதி வீட்டில் உலை கொதிக்காது.

அந்த வீட்டில் பெரிய பீபி என்றால் சாய்புவின் மனைவி, மாமியார்க்காரி. சின்ன பீபி மருமகள், மேல்விஷாரத்தில் பிறந்தவள். அவளுடைய அப்பாவுக்கும் தோல் வியாபாரம்தான். பிறந்தவீட்டிலிருந்து யாராவது வந்தால் ஆற்காட்டு மக்கன் பேடா ஒரு மண்சட்டி நிறைய வரும். எனக்கும் ஒன்று கொடுத்தாள். அதற்கு முன்னால் அதை நான் கண்ணால்கூடப் பார்த்ததில்லை. ஆற்காட்டு வழியாகத்தான் நடந்து வந்தேன், ஆனால் நான் வந்த கோலத்தில் மிட்டாய்க்கடைப் பக்கம் யார் பார்த்தார்கள்?

சின்ன பீபி கிணற்றடிப் படியில் விழுந்து வலது முழங்கால் போய்விட்டது. கட்டுப்போட்ட நாட்டு வைத்தியன் காலை நேராக வைத்தே கட்டிவிட்டான். எலும்பு சேர்ந்தது, முட்டி மடங்கவில்லை. தரை அடுப்புக்கு முன்னால் அவள் உட்கார முடியாது. ஒரு காலை நீட்டிக்கொண்டு சாய்ந்து உட்கார்ந்து கிளறப்போய் ஒரு தடவை முந்தானை பற்றிக்கொண்டது. அவள் புருஷன் நல்ல மனுஷன், வாய் செத்தவன். பட்டணத்து மேடையைப் பற்றித் தன் அப்பாவிடம் சொல்லிச் சொல்லி ஒருவழியாக ஒப்புக்கொள்ள வைத்திருந்தான்.

நான் உள்ளே போன அன்றைக்கு வெள்ளிக்கிழமை. பெரிய பீபி பாக்கு வெட்டிக்கொண்டிருந்தாள். என்னை உட்காரக்கூடச் சொல்லவில்லை.

"இந்தா, நல்லா கேட்டுக்க. நோன்பு வருது. இந்த வூட்ல இருந்து தொட்டில வேலை செய்ற அத்தினி பேருக்கும் நோன்புக் கஞ்சி போவணும். எம் மாமியா காலத்துல இருந்து போவுது. கல்லு போடு, இன்னா வேணா போடு. இவ நின்னு நோன்பு பூரா அடுப்பைப் பார்த்தான்னா இருக்கட்டும். இல்லாங்காட்டி விஷாரத்துக்கு வண்டி கட்டிடுவேன். எம் மவனுக்கு வேற பொண்ணு கிடைக்காதா இன்னா?"

மருமகளை வைத்துக்கொண்டேதான் சொன்னாள். அவள் சுவரைப் பிடித்து நின்றுகொண்டிருந்தாள். மாமியார் தொழுகைக்குப் போனதும் என்னைப் பார்த்துச் சிரித்தாள்.

"கல்லுக்காரம்மா, கேட்டீங்களா? கல்லு நல்லா நின்னாதான் நானும் நிப்பேன். கொஞ்சம் பார்த்து அளங்க."

"நீங்க கவலையே படாதீங்க பீபிம்மா. ராணி மாதிரி நின்னுக்கினு சமைப்பீங்க" என்றேன். எனக்கு அப்போது வாய் ஜாஸ்தி.

இடுப்பில் கை வைத்தால் கயிறு இல்லை. அண்ணி அதை எடுத்துக் கொல்லையில் கொடியாகக் கட்டி ஈரப்புடவை போட்டிருந்தது அப்போதுதான் ஞாபகம் வந்தது. அரை மைல் திரும்பிப் போய் எடுத்து வந்திருக்கலாம். ஆனால் கலெக்டர் கயிற்றை மறந்துவிட்டேன் என்று எப்படிச் சொல்வாள்? "ஒரு கயிறு இருந்தா குடுங்க பீபிம்மா" என்று சாதாரணமாகக் கேட்டேன். அவள் சுற்றும்முற்றும் பார்த்தாள். கொல்லை வாசலில் ஒரு வாளித் தண்ணீரில் பச்சைத் தோல் வார்கள் ஊறிக்கொண்டிருந்தன. கட்டில் கால் ஆடுகிறதென்று கட்டுவதற்காகத் தொட்டியிலிருந்து கொண்டுவந்து போட்டது. அதில் நீளமாக ஒன்றை உருவித் துடைத்துக் கொடுத்தாள்.

"தோல்காரங்க வூட்ல கயித்துக்கு எங்க போறது? இதை வச்சிக்கங்க."

பாம்பு மாதிரி வழவழவென்று இருந்தது. முடிச்சு நன்றாக விழுந்தது. அவளை நிற்கவைத்து அளந்தேன். நல்ல உயரம் அவள். நான் குள்ளம். முழங்கையை மடக்கச் சொன்னபோது, "இந்த முட்டியாவது மடங்குதே" என்று சொல்லிச் சிரித்தாள். நானும் சிரித்துவிட்டேன். சிரித்தது தப்போ என்று நிறுத்தினால், அவள் இன்னும் சிரித்தாள். சுவரிலிருந்து சுவருக்கு நீளம் எடுத்தேன். பின்கல்லுக்கும் எடுத்தேன். ஒரு தடவைக்கு மூன்று தடவை சரிபார்த்தேன். வாழ்க்கையில் நான் அவ்வளவு ஒழுங்காக அளந்தது அந்த ஒரு நாள்தான். நம்பினால் நம்புங்கள்.

வாரைச் சுருட்டி எடுத்துக்கொண்டுபோய்ப் பட்டறையில் ஆணியில் மாட்டினேன். வெயில் அடிக்கிற சுவர். ஐந்தாறு நாள் கழித்து அண்ணன் அதை எடுத்து அளவுபார்த்துக் கல் வெட்டினான்.

கல் பொருத்த ஒரே ஒரு நாள்தான் கிடைத்தது. பேரணாம்பட்டில் ஒரு கல்யாணத்துக்கு வீட்டுப் பொம்பளைகள் எல்லோரும் போகிற நாள். காலையில் அவர்கள் வண்டி கிளம்பியதும் ஆம்பளைகள் உள்ளே வரலாம். சாயங்காலம் வண்டி திரும்புவதற்குள் வெளியே போய்விட வேண்டும். "ஒரு தபாதான். மறுபடி கொத்தன் இந்த வாசல் மிதிக்கக்கூடாது" என்று சாய்பு கறாராகச் சொல்லிவிட்டார். பாத்திரம் பண்டம் மேல் யாரும் கை வைக்காமல் பார்த்துக்கொள்ள நானும் கூட இருந்தேன்.

அண்ணன் உயர முடிச்சைப் பார்த்துச் செங்கல்லில் கால் சுவர் இரண்டு எழுப்பினான். நாலு பேர் தம் பிடித்துப் பலகைக்கல்லைத் தூக்கி அதன்மேல் வைத்தார்கள். இந்தப் பக்கச் சுவரில் இடித்து ஒட்டினார்கள். அந்தப் பக்கச் சுவருக்கும் கல்லுக்கும் நடுவில் ஒரு சாண் இடைவெளி.

முனுசாமி என்று ஒரு கூலியாள், எப்போதும் நக்கல். "மேஸ்திரி, பூனை குட்டி போட இடம் வுட்டுட்டியா?" என்றான். எல்லோரும் சிரித்தார்கள். அண்ணன் சிரிக்கவில்லை. திரும்பி என்னைப் பார்த்தான்.

"இன்னாடி அளந்தே?"

நான் மாடத்தில் வைத்திருந்த வாரை எடுத்தேன். சரிபார்க்கத்தான் எடுத்தேன். கையில் அது விறகுச் சுள்ளி மாதிரி இருந்தது. மடக்கினால் மடங்கவில்லை. அந்த நிமிஷமே எனக்குப் புரிந்துவிட்டது.

உங்களுக்கு இந்த ஊர்ச் சங்கதி தெரியாமல் இருக்கலாம், சொல்கிறேன். எங்கள் பக்கம் கட்டில் கால் ஆடினால், மண்வெட்டிக் காம்பு கழன்றால், வண்டி நுகத்தடி விண்டால் ஆணி தேட மாட்டோம். பச்சைத் தோல் வாரை ஊறவைத்து ஈரத்தோடு சுற்றிக் கட்டுவோம். காயக் காய அது சுருங்கி இறுக்கும். யானை இழுத்தாலும் வராது. ஆம்பூரில் நாலு வயசுக் குழந்தைக்குக்கூட இது தெரியும். எனக்கும் தெரியும். நான் படுக்கிற கட்டிலின் நாலு காலும் அப்படிக் கட்டினதுதான். தினம் அதன்மேல் படுத்து எழுந்துகொண்டு, ஈர வாரால் ஒரு பொம்பளையின் உயரத்தை அளந்துகொண்டு வந்திருக்கிறேன். அண்ணன் கையில் எடுத்தது காய்ந்த வாரை, நான் ஈரத்தில் அளந்தது அவனுக்குத் தெரியாது. இதற்கு என்ன பேர் சொல்வது? மடச்சி என்றால் மடச்சிகள் கோபித்துக்கொள்வார்கள்.

அண்ணன் கரணையால் செங்கல்லைத் தட்டினான். "நீளம் போய்த் தொலையுது, செங்கல்லு வச்சுப் பூசிக்கலாம். பின்கல்லும் கொஞ்சம் குட்டைதான், அதுவும் போவட்டும். உயரத்தைச் சொல்லு. உயரம் சரியா இல்லியா? இப்பவே சொல்லிட்டீன்னா கல்லை இறக்கிட்டு ஒரு வரிசை செங்கல்லு ஏத்திடுவேன். பூசிட்டா முடிஞ்சது கதை."

ஒரு வரிசைச் செங்கல். அவ்வளவுதான் வேண்டியிருந்தது. சுருங்கினது நாலைந்து விரல் கணக்குத்தான் வரும். முற்றத்தில் செங்கல் குவிந்து கிடந்தது. கல்லை இறக்கி ஏற்ற ஒரு மணி நேரம் ஆகுமா? பொழுதும் இருந்தது.

நான் வாயைத் திறந்தேன். முனுசாமி பல்லைக் காட்டிக்கொண்டு நின்றான். எனக்குத் திமிரி வேர்க்கடலைக் காடு கண்ணில் தெரிந்தது. அகப்பை தெரிந்தது.

"உயரம் சரிதாண்ணா. நீளத்துல மட்டும் முடிச்சு நழுவிப்போச்சு" என்றேன்.

"நிச்சயமா?"

"நிச்சயமா."

அண்ணன் சுண்ணாம்பைக் குழைக்கச் சொன்னான். அவர்கள் பூசி முடிக்கிறவரைக்கும் நான் அங்கேயே நின்று பார்த்தேன். ஒவ்வொரு கரணைச் சுண்ணாம்பு விழும்போதும் இப்போது சொல்லிவிடலாம், இப்போது சொல்லிவிடலாம் என்று இருந்தது. பின்கல்லையும் நிறுத்தி ஓரம் பூசினார்கள். கல்லைக் கழுவிவிட்டார்கள். ஈரக் கடப்பைக் கல் வாசனை சமையலறை முழுக்க வந்தது. நான் சொல்லவில்லை.

மூன்றாம் நாள் கூப்பிட்டு அனுப்பினார்கள். போனேன். சின்ன பீபி மேடைக்கு முன்னால் நின்றுகொண்டிருந்தாள். மேடைமேல் அடுப்பு, அடுப்புமேல் சட்டி. கையைத் தொங்கவிட்டால்தான் சட்டி எட்டியது. நம்மைப்போல் இருந்தால் முட்டியைக் கொஞ்சம் தளர்த்திச் சமாளித்துக்கொள்ளலாம். அவளுக்கு அது முடியாதே. இடுப்பிலிருந்து அப்படியே முன்னால் சாய வேண்டும். சாய்ந்தால் நேராக இருக்கிற கால் வழுக்கியது.

"கல்லுக்காரம்மா, கல்லும் உட்காந்துடுச்சா இன்னா?" என்றாள். அப்போதும் சிரித்துக்கொண்டுதான்.

பெரிய பீபி பின்னாலேயே வந்தாள். "நீ சொல்லு. உன் அளவு சரியா, தப்பா?"

முதல் பொய் சொல்லிவிட்டால் அடுத்ததை யோசிக்கவே வேண்டியதில்லை, அதுவே நாக்கில் வந்து உட்கார்ந்துகொள்கிறது. "அளவு சரிதான் பீபிம்மா. அளக்கும்போது இவங்க... கொஞ்சம் சாஞ்சு நின்னாங்க போல."

பெரிய பீபி கையைத் தட்டினாள். "கேட்டியா? கல்லு சரியாத்தான் இருக்குது. உன் உடம்புதான் கோணல்!"

சின்ன பீபி என்னைப் பார்த்தாள். அப்புறம் என் இடுப்பைப் பார்த்தாள். அந்த வார் அங்கே செருகியிருந்தது, குச்சி மாதிரி. அவள் தோல் வியாபாரி மகள். தொட்டுப் பார்க்கவேண்டிய அவசியமே இல்லை. அவள் முகத்திலிருந்த சிரிப்பு போய்விட்டது. அவள் ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் எல்லாம் வெளியே வந்திருக்கும். ஏன் சொல்லவில்லை என்று இன்றைக்கு வரைக்கும் எனக்குத் தெரியாது. தானே எடுத்துக்கொடுத்த வார் என்பதாலா, சொன்னாலும் அந்த மாமியார் நம்பப்போவதில்லை என்பதாலா? அளந்த அன்றைக்கு என் நெற்றித் தழும்பைப் பார்த்துக் கேட்டாள், திமிரிக் கதையைச் சொல்லியிருந்தேன். அதனாலா? எனக்கு வசதியான காரணத்தை நான் எடுத்துக்கொள்ளக்கூடாது. தெரியாது என்பதுதான் உண்மை.

அவள் புருஷன் மறுபடி கொத்தனைக் கூப்பிடலாம் என்று இழுத்தானாம். சாய்பு முடியாது என்றுவிட்டார். வாசல் மிதித்தது ஒரு தடவைதான்.

நான் சும்மா இருக்கவில்லை. பெரிய சாதனை பண்ணினேன். முருங்கைக்கீரைக் கூடைக்கு அடியில் நாலு செங்கல்லை மறைத்துக்கொண்டுபோய் அடுப்புக்குக் கீழே வைத்தேன். கஞ்சி அண்டா அதன்மேல் ஆடியது. பெரிய பீபி பார்த்துவிட்டு, "கல்லு மேல கல்லா? பேஜாரு புடிச்சவளே!" என்று ஒவ்வொன்றாக எடுத்து முற்றத்தில் எறிந்தாள். கடைசிக் கல் என் காலில் விழுந்தது. அது விழுந்ததில் எனக்கு வருத்தம் இல்லை.

நோன்பு தொடங்கியது. அவள் நின்றாள். தினம் மத்தியானத்திலிருந்து கஞ்சி கிளறினாள், பட்டினியோடு. இடது கையைக் கல்மேல் ஊன்றி வலது கையால் கிளறுவாளாம். ஒன்பது நாளோ பத்து நாளோ. அந்த வீட்டுக்குத் தண்ணீர் கொண்டுபோகிறவள் எனக்கு வந்து சொல்வாள், "இடுப்பைப் புடிச்சிக்கினு சுவத்துலயே சாஞ்சுக்குது அந்தப் பொண்ணு." நான் அண்ணன் பட்டறையில் கல் தேய்க்கிற மணலைச் சலித்துக்கொண்டு கேட்டுக்கொள்வேன். போய்ச் சொல்லலாம் என்று இரண்டு தடவை அவர்கள் தெருமுனை வரைக்கும் போனேன். ஆவாரம்பட்டை வாசனை வந்ததும் திரும்பிவிட்டேன். சொன்னால் மட்டும் என்ன? சுண்ணாம்பு இறுகிவிட்டது.

ஒரு நாள் கஞ்சி அடிப்பிடித்து, தொட்டி ஆட்களுக்குப் போகவில்லை. மறுநாள் காலை அந்த வீட்டு வாசலில் ஜட்கா நின்றது. சுற்றிலும் வெள்ளைத் துணி கட்டியிருந்தது. நான் எதிர்ச்சாரியில் நின்றேன். துணியைப் பிடித்துக்கொண்டு அவளை ஏற்றினார்கள். உள்ளே ஏறும்போது ஒரு கால் மட்டும் மடங்காமல் வெளியே நீட்டிக்கொண்டிருந்தது. யாரோ அதைத் தூக்கி உள்ளே வைத்தார்கள். வண்டி மேல்விஷாரத்துக்குப் போயிற்று. திரும்பி வரவில்லை. அடுத்த வருஷம் அந்த வீட்டுக்கு வேறு மருமகள் வந்தாள். குள்ளம். மேடை அவளுக்குக் கச்சிதமாக இருந்ததாம். "கல்லு போட்டா இப்படிப் போடணும்" என்று பெரிய பீபி ஊரெல்லாம் சொல்லி, அதனால் அண்ணனுக்கு நாலு வீட்டு வேலை வந்தது. அந்த நாலு வீட்டுக்கும் நான்தான் போய் அளந்தேன். சணல் கயிற்றால்.

என்னைத் திமிரிக்கு யாரும் அனுப்பவில்லை.

அந்த வாரை எறிய மனசு வரவில்லை. தகரப் பெட்டியில் புடவைக்கு அடியில் போட்டு வைத்தேன். அண்ணன் செத்த வருஷம், வீட்டில் யாரும் இல்லாத ஒரு பகலில், அதை எடுத்து ஒரு குண்டான் தண்ணீரில் ஊறப்போட்டேன். சாயங்காலத்துக்குள் மறுபடி பாம்பு மாதிரி நெளிந்தது. மெல்ல இழுத்துவிட்டு ஒரு நுனியைக் காலால் மிதித்துக்கொண்டு நிமிர்த்தினேன். உயர முடிச்சு என் முழங்கையைத் தாண்டி மேலே வந்து நின்றது. அங்கேதான் அவள் கை இருந்திருக்கிறது. கொஞ்ச நேரம் அப்படியே பிடித்துக்கொண்டு நின்றேன். பிறகு காயவைத்தேன். வேறென்ன செய்ய? மறுபடி சுருங்கிப்போயிற்று.

இப்போது ஆம்பூரில் அந்த வீடு இல்லை. இடித்துவிட்டு ஷூ கம்பெனிக்குக் கொட்டகை போட்டிருக்கிறார்கள். பர்தா போட்ட பெண்கள் ஐம்பது அறுபது பேர் அங்கே வரிசையாக உட்கார்ந்து மிஷினில் தோல் தைக்கிறார்களாம், மேஸ்திரி நடுவில் நடந்துகொண்டே இருப்பானாம். நடுவாசல் திரை போய்விட்டது. பெரிய பீபி போய்ச் சேர்ந்து எத்தனையோ வருஷம். பொம்பளைதான் அளக்க வேண்டும் என்ற வேலையே இல்லை. அது ஒழிந்ததில் எனக்கு ஒரு துளி வருத்தமும் கிடையாது.

போன வாரம் வந்தவன் கடைசியில் அண்ணன் மருமகளைக் கூப்பிட்டான். "இப்படி வந்து நில்லுங்கம்மா. முழங்கையை மடக்குங்க." அவள் மாவுக் கையோடு வந்து நின்றாள். அவன் பக்கத்தில் நின்று தரையிலிருந்து நாடாவை இழுத்தான், முழங்கைக்குக் கீழே நாலு விரல் விட்டுப் பார்த்தான், காதிலிருந்து பென்சிலை எடுத்து எழுதிக்கொண்டான். நான் கஷ்டப்பட்டுக் கண்டுபிடித்ததை அவன் எங்கே கற்றானோ.

"ஏம்ப்பா, அந்த நாடா நனைஞ்சா சுருங்காதா?" என்று கேட்டேன்.

"இரும்பு ஆயா இது. நனைஞ்சா துருப்புடிக்கும். சுருங்காது."

"எதுக்கு அத்தை கேக்கறீங்க?" என்றாள் மருமகள்.

"சும்மாதான்" என்றேன்.

அவன் போனபிறகு அறைக்குப் போய்த் தகரப் பெட்டியைத் திறந்தேன். திறந்து இரண்டு மூன்று வருஷம் இருக்கும். புடவைக்கு அடியில் வார் இல்லை. கொஞ்சம் தூள் இருந்தது, பழுப்பாக, எலிப்புழுக்கையோடு. முடிச்சுகூட இல்லை. சுவரோரம் போய் நின்று என் முழங்கையை மடக்கி, அதற்கு மேலே கையை வைத்துப் பார்த்தேன். இங்கேயா? இன்னும் கொஞ்சம் மேலேயா? கையை ஏற்றினேன், இறக்கினேன். எங்கே நிறுத்துவது என்று தெரியவில்லை.